வாடைக்கு முன் வாகனத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள்

 

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை நம் கரையைத் தொட்டுவிடும். அக்டோபர் 20ஆம் நாளையே அதன் இயல்பான தொடக்க நாளாக வானிலைத் துறையினர் கணக்கிடுகின்றனர். மழைக்கு முன்பாக நாம் ஓடு மாற்றுகிறோம், கூரை வேய்கிறோம், ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து டப்பாக்களில் அடைக்கிறோம். ஆனால் பல இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கும் வாகனத்திற்கு என்ன செய்கிறோம்? மேலே ஒரு துணியால் துடைத்து, பளபளப்பாக இருக்கிறதென்று மகிழ்ந்து விட்டுவிடுகிறோம். அந்தப் பளபளப்பை நம்பிக் கெட்டுப் போகாதீர்கள் என்று எச்சரிக்கவே இந்த மாதம் எழுதுகிறேன்.

உள்நாட்டு ஊர்களுக்கு இல்லாத ஒரு சோதனை நம் மண்டபத்திற்கு உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் நாக்குப் போல் நீண்டிருக்கும் நிலம் நம்முடையது. கோடையில் தென்கடலின் உப்பைத் தென்காற்று கொண்டுவந்து கொட்டுகிறது. மழைக்காலத்தில் வடகடலின் உப்பை வாடைக்காற்று கொண்டுவந்து கொட்டுகிறது. ஆண்டின் எந்த மாதத்திலும் நம் வாகனங்களுக்கு ஓய்வில்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்து அரிமானத்தை அளப்பதற்கு நம் மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் இதுவே.

பாம்பன் பாலம் தரும் பாடம்

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தை நாம் அனைவரும் அறிவோம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அப்பாலத்தையும் சிதைத்தது. ஆயினும் பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையிலான குழுவினர் 46 நாட்களில் அதனைச் சீராக்கி மீண்டும் இரயிலை ஓடச் செய்தனர். அத்தகைய புயலுக்கே பணியாத பாலம் எதற்குப் பணிந்தது தெரியுமா? துருவுக்கு! நடுவிலுள்ள தூக்குப் பகுதி அரிப்பினால் பலவீனமடைந்தமையால் 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடற்கரைக்கென உருவாக்கப்பட்ட உயர்தரக் காப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

புயல் வரும்போது ஊரே பார்க்கிறது. துரு வரும்போது யாரும் பார்ப்பதில்லை. காலமெல்லாம் வண்ணம் பூசிப் பராமரிக்கப்பட்ட பாலத்திற்கே இந்நிலை என்றால், வாங்கிய நாள் முதல் ஒருமுறைகூட அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்காத நம் வாகனத்தின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உப்பு செய்யும் வேலை

மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்புச் சாடியில் நீர் கசிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் உப்புகளோ அதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே உப்புப் படிந்த வாகனம், மழையே பெய்யாவிட்டாலும், இரவு முழுவதும் நனைந்தே நிற்கிறது. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். உப்பு அந்த நீரில் மின்னோட்டம் எளிதாகச் செல்ல வழி செய்து அரிப்பைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. அதனால்தான் வண்ணப்பூச்சு கொப்புளம் போல் மேலே எழும்புகிறது. அக்கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்துவிட்டதென்று பொருள். துரு பெரும்பாலும் தொடங்கும் இடங்கள் நம் பார்வை படாதவை: சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளில் ஒட்டிய சேறு, கதவுகளின் அடிவிளிம்பு, கால்மிதிக்குக் கீழுள்ள தரைத்தகடு, முன்கண்ணாடியின் அடியில் வேப்பிலைச் சருகு அடையும் பள்ளம் ஆகியவை.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே

“எல்லாம் அல்லாஹ் காப்பாற்றுவான்” என்று சொல்லிவிட்டு வாளாவிருப்பவர்கள் நம்மில் உண்டு. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவிய மனிதரிடம், முதலில் அதனைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்புமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. இக்காலத்தில் நம் ஒட்டகம் நான்கு சக்கரங்களில் நிற்கிறது. அதனைக் கட்டும் கயிறு பராமரிப்பேயாகும்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். மரத்தோணிகளைக் கரையேற்றி, பலகை இடுக்குகளை அடைத்து, மீனெண்ணெய் பூசிய பின்னரே மீண்டும் கடலில் இறக்கினர். இன்றும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன. படகுக்கு ஒரு பருவம் இருப்பதுபோல் வாகனத்திற்கும் ஒரு பருவம் வேண்டும். வெயில் நன்றாகக் காயும் புரட்டாசி மாதமே அதற்கு ஏற்றது.

முதற்பணி: நன்னீரால் கழுவுதல்

உப்பை அகற்ற நன்னீரே முதல் மருந்து. கடலோரத்து ஆழ்குழாய்களில் பெரும்பாலும் உவர்நீரே வருகிறது. அந்நீரால் கழுவினால் ஓர் உப்பைப் போக்கி மற்றோர் உப்பைப் பூசியதாகும். கழுவுவதற்கு அதைத் தவிர வேறு நீர் இல்லையென்றால், கடைசி அலசலையேனும் சேமித்து வைத்த மழைநீராலோ குழாயில் வரும் குடிநீராலோ செய்யுங்கள்.

நல்ல நீர் அருமையாகக் கிடைக்கும் பகுதி நம்முடையது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவின் நீரை விரயம் செய்யலாகாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுறுத்திய செய்தி இப்னு மாஜாவில் காணப்படுகிறது. வணக்கத்திற்குரிய நீருக்கே அந்த வரம்பென்றால், வாகனம் கழுவும் நீருக்குச் சொல்லவும் வேண்டுமோ? குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டாம். இரண்டு வாளி போதும். ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். முதலில் மணலையும் தூசியையும் நீர் தெளித்து இறக்கிவிடுங்கள். உலர்ந்த துணியால் மணலோடு சேர்த்துத் தேய்ப்பது வண்ணத்தின்மேல் உப்புத்தாள் இழுப்பதற்கு ஒப்பாகும். பாத்திரம் துலக்கும் தூளையும் மண்ணெண்ணெயையும் தவிர்த்துவிடுங்கள்.

அடிப்பாகத்தை மட்டும் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் தூக்கி நிறுத்தி, விசையுடன் நீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். அப்போது நீங்களும் அருகில் நின்று குனிந்து பாருங்கள். கழுவிய பின் அடியில் டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ தெளிப்பது சில இடங்களில் வழக்கம். அது வேண்டாமென்று கூறிவிடுங்கள். அந்த எண்ணெய் இரப்பர்ப் பாகங்களை ஊறவைத்துக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் பிடிமானம் போய்விடும். மழையில் கரைந்து மண்ணையும் நீரையும் பாழாக்கும்.

கதவுகளின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டிருந்தால் மெல்லிய குச்சியால் திறந்துவிடுங்கள். பின்னர் கதவுகளையும் பின்மூடியையும் திறந்து வைத்து, வாகனம் முழுவதையும் ஒருநாள் வெயிலிலும் காற்றிலும் உலர விடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் அது ஈரத்தைச் சிறைவைக்கும் பூட்டாகவே அமையும்.

இரண்டாம் பணி: புண்ணை ஆற்றிய பின் பூச்சு

சிறு கீறலும் கல்பட்ட வடுவும் துருவுக்கு வாசல். செந்நிறப் புள்ளி தெரிந்தால் உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, துடைத்து, துருத்தடுப்புப் பிரைமர் பூசி, உலர்ந்தபின் வண்ணம் தீட்ட வேண்டும். துருவின்மேல் வண்ணம் பூசுவது சீழ் வைத்த புண்ணின்மேல் சந்தனம் தடவுவதற்கு ஒப்பாகும்.

பாலிஷுக்கும் மெழுகுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறியார். பாலிஷ் மேற்பூச்சை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்து மினுக்குவது. மெழுகு அதன்மேல் ஒரு படலமாகப் படிந்து காப்பது. வண்ணத்தின்மேல் இருக்கும் தெளிபூச்சு ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவானது. மாதந்தோறும் பாலிஷ் போட்டால் காக்கும் தோலையே உரித்தவர்களாவோம். ஆண்டுக்கொரு முறை பாலிஷும், பருவத்திற்கொரு முறை மெழுகும் போதுமானவை. பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர் பெற்றது. வாகனம் சூடாக இல்லாதபோது நிழலில் வைத்து, மெல்லிய பனியன் துணியால் சிறிதளவே தடவுங்கள். ஆயிரக்கணக்கில் செலவிட்டுச் செராமிக் பூச்சு செய்வோரும் இன்று உண்டு. அது மெழுகைவிட நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மேலே பூசிய எதுவும் அடியில் காவல் நிற்பதில்லை என்பதை மறவாதீர்கள்.

அடிப்பாகத்திற்கென்றே துருத்தடுப்புப் பூச்சு இருக்கிறது. கழுவி, காயவைத்து, துருவைச் சுரண்டிய பின்னரே அதனை அடிக்க வேண்டும். பிரேக், சைலன்சர், நீர் வடியும் துளைகள் ஆகியவற்றின்மீது அது படக் கூடாது. சேற்றின்மேல் அடித்துத் தரும் பூச்சு காசுக்கும் கேடு, காருக்கும் கேடு.

வேகக் கார் வைத்திருப்போருக்கு

விசைமிகுந்த என்ஜினும் அகலச் சக்கரங்களும் கொண்ட உயர்ரகக் கார்களை இன்று நம் இளைஞர்கள் விரும்பி வாங்குகின்றனர். ஹலாலான உழைப்பில் வந்ததாயின் மகிழ்ச்சியே. ஆயினும் அத்தகைய கார் நம் கரையில் அதிகக் கவனத்தை வேண்டுகிறது. அதன் உடல் தரைக்கு நெருங்கித் தாழ்ந்திருக்கிறது. அகலமான டயர்கள் மணலையும் கல்லையும் அடிப்பாகத்தின்மேல் வாரி இறைக்கின்றன. அலுமினியச் சக்கரங்கள் செந்துரு பிடிக்காவிட்டாலும் உப்பினால் வெள்ளை பூத்துக் குழிவிழும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புநீர் நின்றால் அரிப்பு இன்னும் விரைவாகும்.

2017ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. இருபுறமும் கடல், காற்றோடு உப்புத் திவலை. அங்கே சென்று வந்தால் மறுநாளைக்குள் அடிப்பாகத்தை நன்னீரால் அலசிவிடுங்கள். ஈரமணலில் வண்டியை இறக்கிப் படம் பிடிக்கும் ஆசை வேண்டாம்.

கழுவிய காரை ஈரப் பிரேக்கோடு நிறுத்திவிடாமல், சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்துங்கள். பிரேக் தட்டில் ஓர் இரவில் படியும் செம்மை அவ்வாறு அழுத்தும்போது போய்விடும். குழிகள் விழுந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நலம். அடியில் செல்லும் பிரேக் பைப்பில் துரு செதில்செதிலாக உதிர்ந்தால் அதைத் தள்ளிப் போடவே கூடாது. விரைந்து ஓடும் வண்டிக்கு அழகைவிட நிற்கும் திறனே உயிர்.

இந்த எச்சரிக்கை வேகக் காருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் ஏற்றிச் செல்லும் வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் மிக அதிகமாக உரியது. உங்கள் குழந்தை ஏறும் வேனின் தரைத்தகடு எப்படி இருக்கிறதென்று ஒருநாள் நேரில் பாருங்கள். மீன் ஏற்றும் வாகனம் வைத்திருப்போர், ஐஸ் உருகி வடியும் உப்புநீர் சேஸிஸில் விழாதவாறு தட்டும் குழாயும் அமைத்து, அன்றாடம் அலசிவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருப்போரின் வாகனம்

மகனோ மருமகனோ வளைகுடா நாட்டிலும் மலேசியாவிலும் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கார், அவர் அடுத்த விடுமுறையில் வரும்வரை ஷெட்டில் தூங்குவது நம் ஊர்களில் வழக்கம். அது பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குச் சில குறிப்புகள்:

பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுகப் போர்த்தாதீர்கள். உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. அதையும் கழுவித் தூசி நீக்கிய வண்டியின்மேல்தான் போட வேண்டும். பெட்ரோல் தொட்டியை நிரப்பி வையுங்கள். பாட்டரி முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, நெடுநாள் நிறுத்துவதாயின் எதிர்முனை ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கைபிரேக்கைப் போட்டு வைத்தால் அது துருவேறி ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் வலையையும் கருவாட்டு மூட்டையையும் அதே ஷெட்டில் அடுக்காதீர்கள்.

வெள்ளத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 20ஆம் நாள் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். நீரில் மூழ்கிய வண்டியை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்தால் நீர் என்ஜினுக்குள் புகுந்து பெருஞ்செலவு வைக்கும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கை அழையுங்கள்.

மறைத்து விற்காதீர்கள்

இனி, இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று. கடற்கரையில் ஓடித் துருவேறிய வாகனத்தை, ஓட்டைகளில் பட்டி அப்பி, மேலே புது வண்ணம் அடித்து, உப்பை அறியாத உள்நாட்டு ஊர்க்காரர் ஒருவரிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் பரவி வருகிறது. அதனைத் திறமை என்று மெச்சுவோரும் உளர். மதீனாவின் கடைத்தெருவில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததென்று விற்பவர் கூறினார். வாங்குவோர் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபிகளார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கூறிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. மேலே உலர்ந்த தானியம், அடியில் ஈரம். மேலே புதிய வண்ணம், அடியில் துரு. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒரு வேறுபாடு உண்டு. நனைந்த தானியத்தால் பணம்தான் போகும். துருவேறிய சேஸிஸோ பிரேக் பைப்போ பாதி வழியில் ஒடிந்தால், வாங்கியவரின் மனைவி மக்களின் உயிரே போகும்.

ஆகவே விற்பதாயின் வாகனத்தைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைக் காட்டியே விற்பனை செய்யுங்கள். குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வாங்குவோரும் விழிப்பாயிருங்கள். கால்விரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிக் கதவின் அடிவிளிம்பில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டும், பட்டி அப்பிய இடத்தில் நழுவி விழும்.

திருமறையில் இரும்பின் பெயராலேயே ‘அல்ஹதீத்’ என்றோர் அத்தியாயம் உள்ளது. இரும்பில் வலிமையும் மனிதர்க்குப் பல பயன்களும் இருப்பதை அது நினைவூட்டுகிறது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ என்னும் மற்றோர் அத்தியாயமோ, தீய சம்பாத்தியம் உள்ளங்களின்மேல் படிந்து மூடிவிடுவதைப் பற்றிப் பேசுகிறது. அப்படிவைத் துருவுக்கு ஒப்பிட்டு விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். வாகனத்தின் துருவை மறைத்துப் பணம் பெறுபவர், அத்துருவைத் தம் உள்ளத்திற்கு மாற்றிக்கொள்கிறார் என்பதை உணர வேண்டும்.

வாடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வரும் விடுமுறை நாளில் காலை ஃபஜ்ரு தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன், பிள்ளைகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு வாளி நன்னீருடன் தொடங்குங்கள். முதலில் ஒரு டார்ச் விளக்கை எடுத்து வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். அங்கே காண்பதைப் பொறுத்தே மற்ற வேலைகளின் வரிசை அமையும். நம் பயணங்களையும், நம் வாகனங்களில் ஏறும் யாவரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.